பணம் கொடுக்கும் முன் அரை மணி நேரம்

ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி பக்கத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்த்துப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே,

நான் இருபத்திரண்டு வருஷமாக ஓசூர் சிப்காட்டில் மெயின்டெனன்ஸ் பிட்டராக இருக்கிறேன். என் மகள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். உங்களில் நிறையப் பேரின் பிள்ளைகள் இந்த ஜூனில் கல்லூரிக்குப் போவார்கள். சேர்ந்த ஒரு மாதத்துக்குள் "அப்பா, லேப்டாப் வேணும்" என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், அசைன்மென்ட்டும் புரோகிராமும் போனில் செய்யக்கூடியவை அல்ல. ஆனால் பீஸ் கட்டி, ஹாஸ்டலுக்கோ பஸ்ஸுக்கோ கொடுத்து முடித்த பிறகு நம் கையில் இருபதாயிரம் மிஞ்சினாலே அதிகம். அப்போது பழைய லேப்டாப் தேடிக் கிளம்புவோம். நானும் அப்படித்தான் கிளம்பினேன். என் பணம் போனது. உங்கள் பணம் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். தெரிந்தவருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக 16,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் வாங்கினேன். பெங்களூரு கம்பெனியிலிருந்து வந்த சரக்கு என்றார். துடைத்துப் பளபளவென்று இருந்தது. பில் கேட்கத் தோன்றவில்லை. மூன்று மாதம் நன்றாகவே ஓடியது. செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின வாரம், கொஞ்சம் மெதுவாகிவிட்டது என்று மகள் அதை ரீசெட் செய்தாள். திரும்ப எழுந்து வைபை பிடித்ததும் திரையில் ஒரு கம்பெனியின் பெயர் வந்தது. அந்தக் கம்பெனி ஊழியரின் மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் கேட்டு அப்படியே நின்றுவிட்டது. விற்றவருக்கு எத்தனை முறை அடித்தும் போனை எடுக்கவில்லை. பாடங்களை முன்பே பென் டிரைவில் எடுத்து வைத்திருந்ததால் அவள் படிப்பு தப்பியது.

அன்று நைட் ஷிப்ட்டில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் தொழிற்சாலைக்குள் ஒரு பேரிங் வந்தால்கூட இன்கமிங் இன்ஸ்பெக்ஷனைத் தாண்டாமல் லைனுக்குப் போகாது. சப்ளையர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கேஜ் வைத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. சின்ன உதிரிப் பாகத்துக்கு வெர்னியர் வைக்கிற நான், ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பங்கை விழுங்கும் பொருளை மூடியைத் திறந்து பார்த்ததோடு வாங்கிவிட்டேன். லேப்டாப் என்றால் படித்தவர்கள் விஷயம், நமக்குத் தெரியாது என்ற பயம்தான் காரணம். உங்களிடம் நான் சொல்ல வந்ததும் இதைத்தான்: லேப்டாப்பும் ஒரு மெஷின். பழைய மெஷினைப் பார்த்து வாங்கும் கண் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கண்ணைத் தொழிற்சாலை வாசலிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பயனடைந்தார்கள். பிறகு நின்றுபோன அந்த விநியோகத்துக்குப் பதிலாக, 2025 மார்ச் 14 அன்று தாக்கலான பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தார்கள். உங்கள் பிள்ளை சேரும் கல்லூரிக்கு அது உண்டா, எந்த ஆண்டு மாணவர்களுக்குக் கிடைக்கும் என்று கல்லூரி அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். அண்ணனோ அக்காளோ வாங்கிய பழைய அரசு லேப்டாப் வீட்டில் தூங்கினால் அதையும் எடுத்துப் பாருங்கள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, காசு கேட்காத லினக்ஸ் மின்ட்டை ஏற்றினால் முதல் ஆண்டுக்கான சி, பைத்தான், கட்டுரை தட்டச்சு எல்லாம் பல நேரம் அதிலேயே ஓடிவிடும். ஆனால் அரசு முத்திரை பதித்த லேப்டாப்பை வெளியில் யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அது படிப்பதற்காகக் கொடுத்த பொருள்.

இப்போது சரக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அத்திப்பள்ளியைத் தாண்டினால் சற்று தூரத்தில் எலக்ட்ரானிக் சிட்டி. அங்கேயும் பெங்களூரு முழுவதிலும் உள்ள பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் லேப்டாப்பை மூன்று நான்கு வருஷத்தில் கழித்துவிடுகின்றன. கெட்டுப்போவதால் இல்லை, குத்தகைக் காலமோ வாரண்டியோ முடிந்துவிடுவதால். மொத்தமாக எடுப்பவர்கள் அவற்றைத் துடைத்து, தேவைப்பட்டால் பேட்டரியும் கீபோர்டும் மாற்றிக் கடைக்கு அனுப்புகிறார்கள். பெங்களூருவின் எஸ்.பி. ரோடு, அதாவது சதர் பத்ரப்பா சாலை, இதற்குப் பேர்போன இடம். ஓசூர்க் கடைகளுக்கும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. ‘ரீபர்பிஷ்டு’ என்று எழுதியிருந்தால் எதை மாற்றினீர்கள், எதைச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வந்தால் அது ரீபர்பிஷ்டு. பதில் வராவிட்டால் துடைத்து வைத்த செகண்ட் ஹேண்ட், அவ்வளவுதான்.

இந்த வழியில் வரும் லேப்டாப்பில் நல்லது ஒன்று உண்டு. கம்பெனிகள் வாங்குவது வீட்டு உபயோக மாடல் இல்லை. லெனோவோவில் திங்க்பேட், டெல்லில் லாட்டிட்யூட், எச்.பி.யில் எலைட்புக், புரோபுக் என்று அலுவலக வேலைக்கென்றே செய்த வரிசைகள் அவை. தினமும் பையில் போட்டுத் தூக்கினாலும் தாங்கும்படி கீலும் உடம்பும் உறுதியாக இருக்கும். பெரும்பாலான மாடல்களில் ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் கழற்றி மாற்றலாம். உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது, எந்த ஸ்க்ரூவை முதலில் கழற்றுவது என்பது வரை படம் போட்ட பராமரிப்புக் கையேட்டைத் தயாரித்த கம்பெனியே இணையத்தில் இலவசமாக வைத்திருப்பது. மேனுவல் உள்ள மெஷினுக்கும் இல்லாத மெஷினுக்கும் என்ன வித்தியாசம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டாம். 2018 வாக்கில் வந்த திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 5490, எலைட்புக் 840 ஜி5 ஆகியவை இன்றும் கடைகளில் கிடைக்கும் நல்ல மாடல்கள். அதற்கு அடுத்தடுத்த வருஷ மாடல்கள் கிடைத்தால் இன்னும் நல்லது.

மாடலை விட முக்கியமானது புராசஸரின் தலைமுறை. இங்கேதான் நம்மில் பலர் வழுக்கி விழுகிறோம். "ஐ7 சார், பதினோராயிரம்தான்" என்று கடையில் சொல்லும்போது ஐ5-ஐ விட ஐ7 பெரியது என்று நினைக்கிறோம். எந்த வருஷத்து ஐ7 என்று கேட்பதில்லை. ஐ5-8350யு என்று இருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் 8 தான் தலைமுறை. ஐ5-10310யு என்றால் பத்தாம் தலைமுறை. ஐ5-1135ஜி7 என்றால் பதினொன்று. ஏழாம் தலைமுறை வரை மெல்லிய அலுவலக லேப்டாப்களில் வந்த யு வகை ஐ7-இல்கூட இரண்டு கோர்தான். 2017 ஆகஸ்டில் வந்த எட்டாம் தலைமுறை யு வகை ஐ5-இல் நான்கு கோர். இரண்டு சிலிண்டர் வண்டியில் பெரிய பெயரை ஒட்டினால் அது நான்கு சிலிண்டர் ஆகிவிடாது. ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், ஸ்டிக்கர் தனியாகவே விற்கிறது. விண்டோஸின் செட்டிங்ஸில் ‘அபவுட்’ பக்கத்தைத் திறந்து புராசஸரின் முழுப் பெயரைப் படியுங்கள்.

எட்டாம் தலைமுறை என்று நான் கோடு போடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ அது முறைப்படி அனுமதிப்பது, இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்கள் மலிவாகச் சந்தைக்கு வருகின்றன. சில இடங்களில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றியே தருகிறார்கள். இன்று ஓடும், நாளைக்குப் புதுப்பிப்பு வருமா என்பதற்கு மைக்ரோசாப்ட் பொறுப்பேற்காது. லினக்ஸ் போட்டுப் படிக்கப்போகும் பிள்ளைக்கு அந்தப் பழைய தலைமுறை போதும், விலையும் குறையும். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் எட்டுக்குக் கீழே இறங்காதீர்கள்.

மற்றபடி ரேம் 8 ஜிபி, எஸ்.எஸ்.டி. 256 ஜிபி, திரை 1920-க்கு 1080. இதற்குக் குறைய வேண்டாம். மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு வரைபட மென்பொருள் ஓட 16 ஜிபி ரேம் தேவைப்படலாம். வாங்கும் முன் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அலைந்து பார்த்த வரையில் இப்படிப்பட்ட ஒன்று மாடலையும் நிலையையும் பொறுத்து 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ரேம் விலை ஏறி இறங்கும்போது இதுவும் ஏறி இறங்கும். அதனால் மூன்று கடையிலாவது விலை கேளுங்கள்.

இனி அந்த அரை மணி நேரம்.

பழைய பைக் பார்க்கப் போனால் முதலில் என்ன செய்வோம்? என்ஜினில் கை வைத்துப் பார்ப்போம். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்வோம். லேப்டாப்புக்கும் அதுதான். அணைத்து ஆறிய நிலையில் இருப்பதை உங்கள் கண்முன் ஆன் செய்யச் சொல்லுங்கள்.

ஆனதும் எப்2, எப்1 அல்லது எப்10 விசையை அழுத்தி பயாஸ் பக்கத்துக்குள் போகச் சொல்லுங்கள். அங்கே பாஸ்வேர்ட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கேட்காவிட்டால் அங்குள்ள சீரியல் நம்பரை அடியில் ஒட்டியுள்ள நம்பரோடு ஒப்பிடுங்கள். ஆர்.சி. புக்கையும் சேசிஸ் நம்பரையும் ஒப்பிடும் அதே வேலை. இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த நம்பரைத் தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எந்த மாடல், வாரண்டி எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று சொல்லிவிடும்.

என்னை வீழ்த்திய கம்பெனிப் பூட்டைப் பார்ப்பது இரண்டாவது வேலை. கடைக்கு முன்கூட்டியே போன் செய்து, விண்டோஸை ரீசெட் செய்து முதல் திரையில் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் போய் உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். பழைய கம்பெனி எதன் பெயரும் வராமல், உங்கள் சொந்த மைக்ரோசாப்ட் கணக்கைக் கேட்டால் பூட்டு இல்லை. யாரோ ஒரு கம்பெனியின் பெயர் வந்தால், அந்தக் கம்பெனி தன் பட்டியலிலிருந்து இந்த லேப்டாப்பை இன்னும் விடுவிக்கவில்லை என்று அர்த்தம். "அதை நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொன்னாலும் வாங்காதீர்கள். மேக்புக் வாங்குவோரும் இதே பூட்டைச் சோதிக்க வேண்டும். அதோடு பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கும் நீங்கியிருக்க வேண்டும்.

அடுத்து பேட்டரி. விண்டோஸிலேயே ‘பேட்டரி ரிப்போர்ட்’ எடுக்கும் வசதி உண்டு. கடைக்காரரை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் இரண்டு எண்கள் போதும். ஒன்று, புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும் என்பது. மற்றது, இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு கொள்கிறது என்பது. இரண்டாவது எண் முதல் எண்ணில் முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் நல்லது. பாதிக்கு வந்துவிட்டால் புது பேட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள். இல்லையேல் அதன் விலையைக் கழித்துக் கேளுங்கள். எஸ்.எஸ்.டி.யின் ஆரோக்கியத்தை கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருள் காட்டும். அதில் வரும் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ நம் ஜெனரேட்டரில் உள்ள ஹவர் மீட்டர் மாதிரிதான். எஸ்.எஸ்.டி.யைப் புதிதாக மாற்றியிருந்தால் எண் குறைவாக இருக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு வீடியோவை இருபது நிமிடம் ஓட விடுங்கள். அது ஓடும்போதே மற்றதைப் பாருங்கள். ஒவ்வொரு கீயையும் அழுத்துங்கள். எல்லா யு.எஸ்.பி. துளையிலும் பென் டிரைவைச் செருகுங்கள். கேமராவில் முகம் தெரிகிறதா, மைக்கில் குரல் பதிகிறதா என்று பாருங்கள். திரையை முழு வெள்ளையாக்கினால் கறையும் கரும்புள்ளியும் தெரியும். முழுக் கறுப்பாக்கினால் ஓரத்தில் வெளிச்சம் கசிவது தெரியும். மூடியைப் பாதியில் நிறுத்தினால் நிற்க வேண்டும். கீல் லூஸாகிவிட்டால் நாளடைவில் திரைக் கேபிளையும் சேர்த்து அறுக்கும். காதை அருகில் வைத்து ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். பேரிங் போன சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? இருபது நிமிடம் முடிந்ததும் சார்ஜ் எத்தனை சதவீதம் இறங்கியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சார்ஜரை மாட்டி ஏறுகிறதா என்று பாருங்கள். டெல் லேப்டாப்பில் ஒத்துவராத சார்ஜரைச் செருகினால் ‘அடாப்டரை அடையாளம் காண முடியவில்லை’ என்ற பொருளில் ஒரு எச்சரிக்கை வரும்; வேகம் குறையும், சார்ஜும் ஏறாமல் போகலாம். அப்படி வந்தால் சரியான சார்ஜரைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவையும் பார்க்க விடாமல் அவசரப்படுத்தும் கடையில் வாங்காதீர்கள். நல்ல கடைக்காரர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார். எங்கள் பகுதியிலேயே அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கே வாங்குவது என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். எஸ்.பி. ரோட்டுக்குப் போவது இப்போது சுலபம். 2025 ஆகஸ்ட் 10 அன்று மெட்ரோவின் மஞ்சள் பாதை திறந்த பிறகு, பொம்மசந்திரா வரை பஸ்ஸில் போய் அங்கே மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கலாம். பேரம் பேச மொழியும் நமக்குத் தடையில்லை. ஓசூர்க்காரருக்குக் கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழி மாதிரி. அங்கே தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும், விலையும் சற்று குறையும். ஆனால் ஒரு நாள் லீவு போட வேண்டும். பத்து நாளில் பழுதானால் இன்னொரு நாள் லீவு. அந்தக் கூலி இழப்பையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ சொந்தமாகப் பழுது பார்க்கும் கடை ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கூடக் கேட்டால் நான் அங்கேதான் வாங்குவேன். இணையத்தில் விளம்பரம் பார்த்து, பொருளைத் தொடாமல் முன்பணம் மட்டும் அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

எங்கே வாங்கினாலும் பில் வேண்டும். கடையின் பெயர், ஜி.எஸ்.டி. எண், மாடல், சீரியல் நம்பர், எத்தனை நாள் வாரண்டி, எதற்கெல்லாம் வாரண்டி எல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்ன வாரண்டி வாசலைத் தாண்டாது. பில் இல்லாமல் பாதி விலைக்கு வரும் லேப்டாப்பைத் தொடவே தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம். கஷ்டப்பட்டுப் படிக்க அனுப்பும் பிள்ளையின் மேஜையில் அப்படி ஒரு பொருள் இருக்க வேண்டாம்.

எல்லையில் வாழும் நமக்கு முக்கியமான ஒரு சட்டம் இருக்கிறது. பெங்களூருவில் வாங்கி ஏமாந்தால் பெங்களூருவில்தான் வழக்குப் போட வேண்டும் என்று நினைத்துப் பலர் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் தருபவர் வசிக்கும் இடத்துக்கோ வேலை பார்க்கும் இடத்துக்கோ உரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தாலே பல கடைகள் இறங்கி வரும். இதற்கெல்லாம் ஆதாரம் கையில் இருக்கும் பில்தான். என்னிடம் அது இல்லை. அதனால்தான் என் 16,000 ரூபாய்க்காக என்னால் எங்கும் போக முடியவில்லை.

"பழசு எதுக்கு, டியூ போட்டுப் புதுசே எடுத்துடலாமே" என்று கடையில் சொல்வார்கள். முப்பத்தைந்து, நாற்பதாயிரம் தாங்கும் குடும்பமென்றால் முழு வாரண்டியோடு புதிது எடுப்பது நல்ல முடிவு. ஆனால் இருபதாயிரத்தை ஒட்டி வரும் பல புது லேப்டாப்களில் செலரான் போன்ற சின்ன புராசஸர், 4 ஜிபி ரேம், மாற்றவே முடியாதபடி போர்டில் பற்றவைத்த சேமிப்பகம் என்றுதான் இருக்கும். இரண்டாம் ஆண்டுப் பாடம் வருவதற்குள் அது திணறும். டியூ மட்டும் தவறாமல் வரும். கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளே, ஆறு மாதம் கழித்து வேலை இருக்குமா என்று தெரியாத நிலையில் அந்தச் சுமையை ஏற்காதீர்கள்.

சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் தொழிற்சாலைகளின் அலுவலகங்களிலும் வருஷா வருஷம் லேப்டாப்கள் கழிக்கப்படுகின்றன. தகவல்களை அழித்து, கம்பெனிப் பூட்டை நீக்கி, ஒரு கடிதத்தோடு அவற்றைக் கல்லூரியில் படிக்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் குறைந்த விலையில் தரும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். கான்ட்ராக்ட் தொழிலாளர் பிள்ளைகளையும் சேர்த்துக் கேளுங்கள். சம்பளப் பேச்சுவார்த்தை போல மாதக்கணக்கில் இழுக்க வேண்டிய விஷயம் இல்லை இது. ஐ.டி. பிரிவு மனது வைத்தால் முடியும்.

கடைசியாக ஒன்று. கடைக்குப் போகும்போது பிள்ளையைக் கூட்டிப் போங்கள். இரண்டாவது முறை நான் மகளோடு போனேன். முதலில் காட்டியதில் பேட்டரி பாதிக்குக் கீழே. அடுத்ததில் இரண்டு கீ வேலை செய்யவில்லை. மூன்றாவதைக் கடைக்காரர் எடுத்து வருவதற்குள் ஒரு தாளில் நான் எழுதிக்கொண்டு போயிருந்த பட்டியலை அவள் கையில் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டாள். ஃபேன் சத்தத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டாள். நான் குனிந்து கேட்டு, "பேரிங் நல்லா இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில், "கம்பெனியில தினமும் இதைத்தான் பண்றியாப்பா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவள் பார்த்ததில்லை. கேட்டுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். அந்த அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டாள்.

அந்தப் பட்டியல் தாள் இப்போது அவளிடம் இருக்கிறது. தோழி ஒருத்தி லேப்டாப் வாங்கப் போனபோது அதை எடுத்துக்கொண்டு கூடப் போய் வந்தாள்.

அன்புடன்,
ஓசூர் சிப்காட்டிலிருந்து
ஒரு மெயின்டெனன்ஸ் பிட்டர்